நீரிழிவுக்காரருக்குக் காலில் புண் வராமல் பார்க்கப் போன் செயலி: எதைச் செய்விக்கலாம், எதை நம்பக்கூடாது?

வலிகாமத்தான்

சனசமூக நிலையம் ஒண்டில சீனி வருத்தக்காரர் 40 பேரளவில பேர் குடுத்திருக்கினம். எல்லாருக்கும் வருத்தம் வந்து 5 வருசத்துக்கு மேல. வீட்டில ஆரோ ஒராளிட்ட அன்ட்ரொயிட் போன் இருக்கு. காலில புண் வாறதுக்கு முதலே பிடிக்கிற மாதிரி ஒரு செயலி வேணும் எண்டு நிலையத்துப் பெடியள் நிக்கிறாங்கள். "கால் படம் எடுங்கோ, மிச்சத்தை ஏஐ சொல்லும்" எண்டு கிடக்கிற அப்புகளை நம்பலாமோ? நாங்களே செய்யிறதெண்டால் அதுக்குள்ள என்ன வரவேணும்? பாதத்தின்ர வெப்பநிலையை வைச்சுப் பிடிக்கலாம் எண்டும் ஒரு கதை இருக்கு. விளங்கினாக்கள் சொல்லுங்கோ.

மருந்துகட்டு

செயலிக்கு முதல், அந்த 40 பேரையும் பிரித்து எடுங்கள். எல்லோருக்கும் தினமும் படம், தினமும் வெப்பநிலை என்று வைத்தால் மூன்றாவது கிழமையில் ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல் நான்கு தரமாகப் பிரிக்கிறது. பாதத்தில் உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் தரம் 0, வருடத்துக்கு ஒரு தடவை கால் பரிசோதனை. இரண்டில் ஒன்று குறைந்தால் தரம் 1, 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை. இரண்டும் குறைந்தால், அல்லது ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் (விரல் மடிந்து நிற்பது, எலும்பு துருத்துவது) தரம் 2, 3 முதல் 6 மாதம். உணர்ச்சியோ ஓட்டமோ குறைந்ததோடு முன்பு புண் வந்தவர், விரலோ காலோ எடுத்தவர், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர் தரம் 3. அவர்களை 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். செயலியின் முழுக் கவனமும் 2க்கும் 3க்கும்தான் போகவேண்டும். 0க்கு நினைவூட்டல் ஒன்றே போதும்.

தரத்தைச் செயலி தீர்மானிக்க முடியாது. கிளினிக்கில் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கிற 10 கிராம் நைலோன் இழையால் பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டும். இழை இல்லாத இடத்தில் தொடுபரிசோதனை ஒன்று உண்டு, இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் உருவானது. வீட்டுக்காரரே செய்யலாம். கண்ணை மூடச் சொல்லுங்கள். சுட்டுவிரல் நுனியால் 1–2 செக்கன், இறகு பட்டது போல. வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற ஒழுங்கில். பட்டதும் அவர் "வலது" அல்லது "இடது" என்று சொல்லவேண்டும். ஆறில் இரண்டோ கூடவோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது.

அநேகம் பேர் பிழைவிடுவது இதில்தான்: பதில் வராவிட்டால் திரும்ப அழுத்தித் தொடுவது. அழுத்தினால் மேலே இருக்கிற மூட்டு அசைந்து அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு விரலுக்கு ஒரே ஒரு தொடுகை. "இப்ப தொடுறன், தெரியுதோ?" என்று கேட்டாலும் சோதனை கெட்டுப்போகும், மரியாதைக்கு "ஓம்" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒற்றைப்பனை

ஒரு முகம் பாக்கிற கண்ணாடியை நிலத்தில வைச்சு அதுக்கு மேல காலைப் பிடிச்சா உள்ளங்கால் முழுக்கத் தெரியும். காசும் பெரிசா இல்லை. இதுக்கேன் செயலி?

பூவரசு

கண்ணாடி நல்ல சாமான்தான் அண்ணை, ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா கண்ணாடிக்குப் போன கிழமை காய்ப்பு எந்தளவில இருந்ததெண்டு தெரியாது. இந்த ஆக்களில கொஞ்சப் பேருக்கு நீரிழிவாலேயே கண்பார்வையும் மங்கல். குனியவும் ஏலாது. அதோட, வலிக்காத காலைத் தினமும் பாக்கவேணும் எண்டு மனிசருக்குத் தோன்றாது. நினைவூட்டிறது, ஒப்பிட்டுக் காட்டிறது, அடுத்தது ஆருக்குச் சொல்லவேணும் எண்டு வழி வைக்கிறது: போன் உண்மையாச் செய்யக்கூடியது இந்த மூண்டும்தான்.

ஏஐ பற்றிக் கேட்டீங்கள். படத்தில புண்ணைக் கண்டுபிடிக்கிற மொடல்கள் நிறைய வந்திட்டுது. 2020இல நடந்த டிஎப்யூசி போட்டிக்கு (நீரிழிவுப் பாதப் புண்ணைப் படத்தில கண்டுபிடிக்கிற மென்பொருள் போட்டி) 4000 படம் குடுத்தவை: 2000 பழக்கிறதுக்கு, 2000 சோதிக்கிறதுக்கு. படங்கள் இங்கிலாந்தின்ர லங்காஷயர் ஆஸ்பத்திரிகளில எடுத்தது. ரெண்டு விசயம் கவனியுங்கோ. ஒண்டு, அதுகள் பாக்கிறது வந்த புண்ணை. நீங்கள் கேக்கிறது வரமுதல் பிடிக்கிறதை. ரெண்டாவது, வெள்ளைத் தோலில சிவப்பு நல்லாத் தெரியும். எங்கட தோலில அதே அழற்சி கருஞ்சிவப்பாயோ ஊதாவாயோ, சிலவேளை சும்மா மினுமினுப்பாயோதான் தெரியும். அங்க பழகின மொடல் இங்க "ஒண்டுமில்லை" எண்டு சொன்னா அதை நம்பி இருக்கேலாது.

நிறமாலை

படம் எடுக்கிற முறை சரியில்லையென்றால் ஒப்பிடவே முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஃப்ளாஷ் அணைத்திருக்க வேண்டும். ஈரத்தோலில் ஃப்ளாஷ் பட்டால் வெள்ளைப் பொட்டு விழும், அதற்குள் வெடிப்பு மறைந்துவிடும். காலை 7க்கும் 9க்கும் இடையில் யன்னலடியில், வெயில் நேரே படாத இடம். பின்னுக்கு மங்கலான நீலத் துணி. சிவப்போ மஞ்சளோ விரித்தால் கமரா தானே நிறத்தைச் சமன்செய்து தோலின் நிறத்தை மாற்றிவிடும். காலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத் தாளும் பள்ளிக்கூட அடிமட்டமும் வையுங்கள். தாள் நிறத்துக்கு, அடிமட்டம் அளவுக்கு.

பின் கமராவால் இன்னொருவர் எடுப்பதுதான் நல்லது, 30 முதல் 40 சென்ரிமீற்றர் தூரத்தில். இன்னும் கிட்டப் போனால் காலின் நிழலோ போனின் நிழலோ விழும். கமராவின் முகம் பாதத்துக்கு நேரே இருக்கவேண்டும். சரித்து எடுத்தால் குதிக்கால் சின்னதாகவும் விரல்கள் பெரிதாகவும் வரும், காய்ப்பு வளர்ந்ததா என்று அளக்க முடியாது.

ஆறு படம் போதும்: இரண்டு உள்ளங்கால், இரண்டு குதிக்காலின் பின்பக்கம், இரண்டு மேற்பாதம். விரலிடுக்கைப் படத்தில் பிடிக்கிறது கஷ்டம். அதை ரோச் லைற் பிடித்துக் கண்ணால் பார்த்து, செயலியில் ஒரு கேள்விக்குப் பதிலாகக் குறிப்பதுதான் நடைமுறை. "நாலாம் இடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்குதோ?" என்று இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். சேற்றுப்புண் அநேகமாக அங்கேதான் தொடங்கும், கிருமி உள்ளே போகிற வாசலும் அதுதான்.

தனியே இருப்பவருக்கு: போனை நிலத்தில் திரை மேலே பார்க்க வைத்து, முன் கமராவில் 10 செக்கன் நேரங்காட்டி போட்டு, கதிரையில் இருந்தபடி காலை மேலே நீட்டிப் பிடிப்பது. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் செய்த "மை ஃபுட் கெயார்" இப்படித்தான், கால் சரியான இடத்துக்கு வந்ததும் குரல் சொல்லும். ஆனால் மலிவான போன்களின் முன் கமராவில் அநேகமாகத் தானே குவியம் பிடிக்கிற வசதி இல்லை. கை நீட்டத் தூரத்துக்குத்தான் தெளிவு. பாதத்தைப் போனுக்கு 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் மங்கல்தான் வரும். 40–50இல் பிடிக்கச் சொல்லுங்கள்.

பூவரசு

முன் கமரா எண்டதும் ரெண்டு பொறி இருக்கு.

முதலாவது அழகூட்டல். கனக்க போனில முன் கமரா தானாவே தோலை வழவழப்பாக்கும். பித்தவெடிப்பு, சின்னக் கொப்புளம் எல்லாம் துடைச்சுப்போடும்! போனின்ர சொந்தக் கமராவைக் கூப்பிடாமல் செயலிக்குள்ள நேரே கமராவைத் திறந்தா அநேகமா இந்தத் தொல்லை வராது. இருந்தாலும் ஒவ்வொரு போனிலும் வெடிப்புள்ள குதிக்காலை எடுத்துச் சோதிச்சுப் பாருங்கோ.

ரெண்டாவது இடம்வலம். சில போன் முன் கமராப் படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிச் சேமிக்கும், சிலது திருப்பாது. இடது கால் வலதாப் பதிவாகும். வெப்பநிலை இடதில கூட, படத்தில புண் வலதில எண்டு வந்து எல்லாம் குழம்பும். மென்பொருளில திருத்தப் பாக்கிறதை விட, வெள்ளைத் தாளில "இ" எண்டும் "வ" எண்டும் எழுதி அந்தந்தக் காலுக்குப் பக்கத்தில வையுங்கோ. எழுத்து மாறித் தெரிஞ்சா படம் திரும்பியிருக்கு எண்டு அர்த்தம்.

படத்தை 300 கிலோபைற்றுக்குச் சுருக்கிச் சேமியுங்கோ. நாளுக்கு ஆறு படம், மாசம் 54 மெகாபைற். சுருக்காமல் ஒண்டு 3 மெகாபைற்றில விட்டா 540 மெகாபைற். பழைய போன் ரெண்டு மாசத்தில நிரம்பி, பேரப்பிள்ளை முதல் அழிக்கிறது இந்தச் செயலியைத்தான். வட்ஸ்அப்பில அனுப்புறதெண்டால் படமா அனுப்பாதேங்கோ, ஆவணமா அனுப்புங்கோ. படமாப் போனா அது இன்னொருக்கா நசிச்சுப்போடும்.

கலரிக்குள்ளயும் சேமிக்கவேண்டாம். கலரி தானா இணையத்துக்கு ஏத்தும், வீட்டில எல்லாரும் பாப்பினம். செயலியின்ர சொந்த இடத்துக்குள்ள வையுங்கோ. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாத்தான் பாக்குது. 40 பேரிட்டயும் எழுத்தில சம்மதம் வாங்கிப்போட்டுத் தொடங்குங்கோ.

வலிகாமத்தான்

நல்லது. அந்த வெப்பநிலைக் கதை என்ன? போனைக் காலில முட்ட வைச்சா வெப்பநிலை சொல்லும் எண்டும் ஒரு அப் இருக்கே.

நிறமாலை

அதை உடனே அழித்துவிடுங்கள். சாதாரண போனுக்குள் இருக்கிற வெப்ப உணரி பற்றறியின் சூட்டைப் பார்க்கத்தான். தோலைப் பார்க்காது.

அடிப்படை இது. தோல் உடைவதற்குச் சில நாட்களுக்கு முதலே உள்ளே திசு நசுங்கி அழற்சி தொடங்கும், அந்த இடம் சூடாகும். உணர்ச்சி உள்ளவருக்கு அது நோவாகத் தெரியும், நொண்டுவார், கால் தப்பிவிடும். உணர்ச்சி இல்லாதவருக்கு நோவின் வேலையை வெப்பமானி செய்யவேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரோடு வேலைசெய்த மருத்துவர் போல் பிராண்ட் சொன்ன விஷயம் இது. பிறகு அமெரிக்காவில் லவரியும் ஆம்ஸ்ட்ரோங்கும் நீரிழிவுக்காரரில் முறையாகச் சோதித்தார்கள்.

ஒவ்வொரு பாதத்திலும் ஆறு இடம்: பெருவிரலின் அடி, முன்பாத மேட்டில் 1ஆம், 3ஆம், 5ஆம் விரல்களுக்கு நேரே மூன்று இடம், நடுப்பாதம், குதிக்கால். இடதின் இடத்தை வலதின் அதே இடத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 2.2 பாகை செல்சியசுக்கு மேல், அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால் எச்சரிக்கை. தனி ஒரு காலின் சூடு எத்தனை என்பதில் பிரயோசனம் இல்லை. யாழ்ப்பாணத்துச் சித்திரையில் எல்லாக் காலும் சூடுதான், வித்தியாசம்தான் கதை சொல்லும்.

கருவி: பெருந்தொற்று நேரம் வாங்கி அலுமாரியில் கிடக்கிற நெற்றி வெப்பமானி போதும். ஆனால் அதை "உடல்" நிலையில் இருந்து "மேற்பரப்பு" நிலைக்கு மாற்ற வேண்டும். உடல் நிலையில் அது 32 பாகைக்குக் கீழே அநேகமாக எண் காட்டாது, காட்டினாலும் நெற்றிக்கான திருத்தத்தைக் கூட்டிவிடும். பாதம் 28, 30 என்று இருக்கும். கன பேர் "வெப்பமானி பழுது" என்று கைவிடுவது இந்தப் பொத்தானைத் தெரியாததால்தான். மேற்பரப்பு நிலை இல்லாத வெப்பமானியை வாங்கவேண்டாம். அதன் எண் உண்மையில் ஒரு பாகை கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை. இரண்டு காலுக்கும் ஒரே கருவி என்றால் அந்தப் பிழை கழித்தலில் போய்விடும். கருவியை நடுவில் மாற்றாதீர்கள்.

அளக்கும் முறை: செருப்பு, சொக்ஸ் கழற்றி 10 நிமிடம் கதிரையில். பாதம் சீமெந்து நிலத்தில் முட்டாமல், ஒரு வாங்கில் அல்லது தலையணையில். பாதத்தில் இருந்து 2–3 சென்ரிமீற்றர், எல்லா இடத்துக்கும் அதே தூரம். குளித்த உடனும் நடந்து வந்த உடனும் வேண்டாம். மின்விசிறி ஒரு பக்கத்துக் காலுக்கு மட்டும் அடித்தால் பொய் வித்தியாசம் வரும். காய்ப்புக்கு மேலே நேரே பிடிக்காமல் அதன் ஓரத்தில் பிடியுங்கள், தடித்த தோல் உள்ளே இருக்கிற சூட்டை மறைக்கும்.

போனில் பூட்டுகிற வெப்பக் கமராவும் உண்டு. படம் அழகாக வரும். 40 வீட்டுக்கு வாங்க ஏலாது, நிலையத்தில் ஒன்று இருந்தால் தரம் 3 ஆட்களுக்கு மாதமொருக்கால் பார்க்கலாம்.

மருந்துகட்டு

நிறமாலை சொன்னதற்கு மூன்று திருத்தம்.

ஒரு காலில் மட்டும் இரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் அந்தக் கால் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். தினமும் எச்சரிக்கை அடிக்கும். ஆகவே முதல் ஒரு கிழமை அளந்து அவருடைய வழக்கமான வித்தியாசத்தைக் கிளினிக்கில் காட்டுங்கள். அதோடு, ஒரு கால் திடீரென்று குளிர்ந்து வெளிறினால் அது சூட்டை விட அவசரம்.

எச்சரிக்கை வந்தால் செய்வது மருந்து பூசுவது அல்ல, நடையைக் குறைப்பது. முதல் நாள் 2.2 தாண்டினால் அரை மணி காலைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத் திரும்ப அளக்கவேண்டும். அப்போதும் இருந்தால் அன்றைக்கு நடையைப் பாதியாக்கி, செருப்பில் அந்த இடத்தில் என்ன அழுத்துகிறது என்று பார்க்கவேண்டும். இரண்டாம் நாளும் இருந்தால் கிளினிக்குக்குச் சொல்லவேண்டும். வித்தியாசம் 2.2க்குள் இறங்கும் வரை தோட்டமும் இல்லை, கோயில் வீதியும் இல்லை.

மூன்றாவது: முழுப் பாதமும் வீங்கி, சூடாகி, நோவில்லாமல் இருந்தால் அது சார்கோ பாதமாக இருக்கலாம், எலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கும். தோலில் ஒரு கீறலும் இராது, படத்தில் "வீக்கம்" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. "நோவில்லைத்தானே" என்று நடந்தால் வளைவு இடிந்து பாதம் தோணி மாதிரிக் கவிழ்ந்துவிடும். செயலி இரண்டாம் நாளுக்குக் காத்திருக்கக் கூடாத இடம் இது. காலை ஊன்றாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தோல்தையல்

போனோட சேர்ந்து வேலை செய்யிற சப்பாத்து உள்தகடு பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அழுத்தம் கூடினா மணிக்கூட்டில சத்தம் போடும். மான்செஸ்டரில செய்த ஆய்வு 2019இல லான்செட் டிஜிட்டல் ஹெல்த்தில வந்தது, திரும்பப் புண் வாற வீதம் 71% குறைஞ்சதெண்டு. ஆனா அது மூடின சப்பாத்து போடுற சனத்துக்கு. இஞ்ச முக்கால்வாசி நேரம் வார்ச் செருப்பு, வீட்டுக்குள்ள வெறுங்கால். உள்தகட்டை எங்க செருகிறது?

அந்தக் காசுக்குச் செருப்பைத் திருத்தலாம். நுண்துளை றப்பர், எம்சிஆர் எண்டு சொல்லுவினம், 10 மில்லிமீற்றர் தடிப்பு. பெருவிரலால அமத்தினா பாதிக்குப் பதிஞ்சு விட்டதும் எழும்பவேணும். அதுக்குக் கீழ நெருஞ்சி முள்ளு ஏறாத கட்டி றப்பர். முன்னுக்கு விரலுக்கு நடுவில போற வார் வேண்டாம், உணர்ச்சியில்லாத இடுக்கை அது அறுக்கும். மேல அகலமான ரெண்டு ஒட்டுப்பட்டி, பின்னுக்குக் குதிவார் கட்டாயம். குதிவார் இல்லாட்டி செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாமல் நடப்பினம். ஆணி அடிக்கவே கூடாது: தையலும் பசையும் மட்டும். தேயத் தேய ஆணி மேல வரும், கால் சொல்லாது.

நீளம் பாதத்தை விட 1 முதல் 2 சென்ரிமீற்றர் கூட. பின்னேரத்தில அளவெடுங்கோ, காலமை கால் சின்னன். தாளில நிண்டபடி பாதத்தைக் கீறி வெட்டி, அந்தத் தாளைச் செருப்புக்குள்ள வையுங்கோ. ஓரம் மடிஞ்சா சின்னச் செருப்பு.

செயலிக்கு ஒரு வேண்டுகோள்: காலைப் படம் எடுக்கச் சொல்லுற மாதிரி, "செருப்பைக் கவிட்டுத் தட்டி உள்ளுக்குக் கையை விட்டுத் தடவியாச்சோ?" எண்டு ஒரு கேள்வி வையுங்கோ. கல்லு, ஓலை ஈர்க்கு, பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் எல்லாம் அதுக்குள்ளதான். மாசத்துக்கொருக்கா செருப்பின்ர அடியையும் ஒரு படம். எங்க தேயுதோ அங்கதான் அழுத்தம்.

ஏழாலைக்காரி

இரண்டு விஷயம். முதல், சொற்கள். தமிழ்நாட்டில் செய்த செயலியில் "மரத்துப்போகிறதா?" என்று கேட்டால் இங்கே 70 வயது அம்மாவுக்குப் பிடிபடாது, "காலுக்கை விறைப்பு இருக்கோ?" என்றால் உடனே சொல்லுவா. "சர்க்கரை நோய்" இல்லை, "சீனி வருத்தம்". "கால்" என்று மட்டும் கேட்டால் முழங்கால் நோவைச் சொல்லுவினம், "உள்ளங்கால்", "குதிக்கால்", "விரலிடுக்கு" என்று பிரித்துக் கேளுங்கோ. எழுத்தைக் குறைத்து, இஞ்சத்தைப் பேச்சில் ஒருவர் பேசிப் பதிந்த குரலாகப் போடுங்கோ. 25 வசனம் போதும்.

மற்றது, செயலியை நோயாளியின் போனில் போடாதேங்கோ. மருமகளிட்டயோ மகனிட்டயோ இருக்கிற போனில் போடுங்கோ. பார்க்கிற கண் அவையின்ரதுதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு எச்சரிக்கை போனால் அங்கிருந்து அழுகைதான் வரும், ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகாது. இரண்டாவது தொடர்பு இலக்கம் ஓட்டோ பிடித்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவராக இருக்கட்டும்.

கோயிலையும் யோசியுங்கோ. நல்லூர்க் கொடியேறினால் 25 நாள். செருப்பைத் தொலைவில் கழற்றிப்போட்டு மத்தியானத்து மணலில் நடப்பினம், சிலர் அங்கப்பிரதட்சணம், அடியழிப்பு என்று. உணர்ச்சியில்லாத கால் வெந்தாலும் தெரியாது, பின்னேரம் கொப்புளமாகத்தான் தெரியும். அந்த நாட்களில் காலமைப் பரிசோதனை காணாது, வீட்டுக்கு வந்ததும் ஒன்று வேணும். திகதியை நிரந்தரமாக எழுதி வைக்காதேங்கோ, ஆடி அமாவாசையை வைத்துத்தான் கொடியேற்றம் வரும், வருசா வருசம் மாறும். "போகாதேங்கோ" என்று செயலி சொன்னால் செயலியைத்தான் அழிப்பினம். "விடியப் பூசைக்குப் போங்கோ, தடிச்ச சொக்ஸ் போடுங்கோ, தண்ணிப் போத்தல் கொண்டுபோங்கோ" என்றால் கேட்பினம்.

மருந்துகட்டு

சொக்ஸ் மட்டும் போட்டு நடப்பதையும் வழிகாட்டுதல் வேண்டாம் என்றே சொல்கிறது. முள்ளுக்கும் கல்லுக்கும் அது காப்பே இல்லை. வெறுங்காலை விடப் பரவாயில்லை என்ற அளவில் சரி. தரம் 3 ஆட்களுக்கும் இப்போது புண் உள்ளவர்களுக்கும் அந்தச் சலுகையும் இல்லை. வீதிக்கு வெளியே செருப்போடு நின்று கும்பிடட்டும். தீமிதிப்பு பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நல்லது.

ஒற்றைப்பனை

சரி, எல்லாம் செய்தாச்சு எண்டு வையுங்கோ. படத்தை ஆர் பாக்கிறது? கணக்குப் போட்டுப் பாத்தா: 200 பேர் ஆறு படம் அனுப்பினா நாளுக்கு 1200 படம். ஒரு மிஸ்ஸி (தாதி) படத்துக்கு 20 செக்கன் எடுத்தாலும் 400 நிமிசம், 6 மணித்தியாலம் 40 நிமிசம். உங்கட 40 பேருக்கே 240 படம், 80 நிமிசம். ஒவ்வொரு நாளும். ஆரிட்ட அந்த நேரம் இருக்கு?

பூவரசு

ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை அண்ணை, அதுதான் வடிவமைப்பு. படம் போனிலயே இருக்கட்டும். வீட்டுக்காரர் போன கிழமைப் படத்தையும் இண்டையான் படத்தையும் பக்கத்தில பக்கத்தில பாப்பினம். ஐஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லுவினம். ஒண்டுக்கு "ஓம்" வந்தாத்தான் அந்த ஒரு படம் வெளிய போகும். அதுக்குப் பதில் சொல்லுற ஆள் ஆர், எந்த நேரத்துக்குள்ள எண்டது செயலி எழுதமுதல் தீர்மானிக்கவேணும். அந்த ஆள் கிடைக்காட்டி செயலியைத் தொடங்கவேண்டாம். பதில் வராத எச்சரிக்கை ரெண்டு தரம் போனா, மூண்டாம் தரம் ஒருத்தரும் அனுப்பாயினம்.

செய்து முடிச்சதும் பச்சைச் சரி அடையாளம் போட்டு "உங்கள் கால் நலம்" எண்டு எழுதாதேங்கோ! சரியாப் பாக்காமல் தட்டினவருக்கும் அதுதான் வரும். "இண்டைக்குப் பாத்தாச்சு", அவ்வளவும் போதும்.

நினைவூட்டல் அடிக்காமல் போறதுதான் கூடுதலா வாற பழுது. அன்ட்ரொயிட் 13இல இருந்து அறிவிப்புக்குத் தனி அனுமதி கேக்கவேணும், ஒருக்கா "வேண்டாம்" அமத்தினா பிறகு சத்தமில்லை. அன்ட்ரொயிட் 14இல துல்லியமான நேரத்து அலாரத்துக்குப் புதுசாப் போடுற செயலிக்கு அனுமதி தானா வராது. மலிவுப் போன்கள் பற்றறியை மிச்சம் பிடிக்கச் செயலியைப் பின்னால கொன்றுபோடும். போனை அணைச்சுப் போட்டா அலாரம் திரும்பப் பதியவேணும். ஆகவே போட்டுக் குடுக்கிற அண்டைக்கே பற்றறிச் செற்றிங்கில "கட்டுப்பாடு இல்லை" எண்டு மாத்தி, போனை ஒருக்கா அணைச்சுப் போட்டு, 10 நிமிசத்துக்குப் பிறகு ஒரு சோதனை அலாரம் அடிக்குதோ எண்டு பாத்திட்டுத்தான் கையில குடுக்கவேணும். சிக்னல் இல்லாமலும் முழுக்க வேலை செய்யவேணும்.

மருந்துகட்டு

அந்த ஐந்து கேள்விகளை இப்படி வையுங்கள்: தோல் எங்காவது உடைந்திருக்கிறதா? புதிய கொப்புளமோ நிறமாற்றமோ உண்டா? காய்ப்புக்கு உள்ளே கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிகிறதா? வீக்கம், மணம், கசிவு உண்டா? விரலிடுக்கு ஊறியிருக்கிறதா? மூன்றாவதுதான் அதிகம் தவறுவது. காய்ப்புக்குக் கீழே இரத்தம் கசிந்த கறுப்பு என்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது, மேல்தோல் மூடி வைத்திருக்கிறது.

தோல் உடைந்தால்: ஓடுகிற சுத்தத் தண்ணீரில் கழுவி, ஒற்றி, சுத்தமான துணிக்கட்டு, நடை நிறுத்தம். கடைசி அடுத்த நாளைக்குள் ஒருவர் பார்க்க வேண்டும். ஸ்பிரிட், மஞ்சள், பவுடர், கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். காயத்தை எரிக்கும், அல்லது மூடி மறைக்கும். கால் ஆணிக்கு ஒட்டுகிற அமிலப் பிளாஸ்டரும் அதைச் சீவுகிற பிளேட்டும் இந்த ஆட்களுக்குத் தடை. சுடுதண்ணியில் கால் ஊறவைப்பதும் அப்படித்தான். கழுவும் தண்ணீர் 37 பாகைக்குள் இருக்கவேண்டும், முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள், காலால் அல்ல. வெடிப்புக்குக் குதிக்காலில் யூரியாக் கிறீம் பூசலாம், விரலிடுக்கில் பூசக்கூடாது.

கறுத்த விரல், மேலே பரவுகிற வீக்கம், சீழ் மணம், இவற்றோடு காய்ச்சல் அல்லது நடுக்கம் அல்லது மயக்கம்: படம் எடுத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அந்தத் திரையில் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு ஒரே பொத்தான் மட்டும் இருக்கட்டும், வேறு எழுத்தே வேண்டாம். சீனியின் அளவு திடீரென்று ஏறுவதையும் காலோடு சேர்த்துப் பாருங்கள், காய்ச்சல் வராமலே கிருமி பரவுகிறதற்கு அது அடையாளமாகலாம்.

வலிகாமத்தான்

எல்லாருக்கும் நன்றி. முதல் பதிப்பில நினைவூட்டல், ஆறு படம், ஐஞ்சு கேள்வி, செருப்புக் கேள்வி, ரெண்டு தொடர்பு இலக்கம். தரம் 2, 3க்கு மட்டும் வெப்பநிலைப் பக்கம். ஏஐ இல்லை. பதில் சொல்லுற ஆளை முதல் பிடிச்சிட்டுத்தான் மிச்சம். ஒரு சந்தேகம்: ஒரு கால் எடுத்தவை ரெண்டு பேர் இருக்கினம். அவைக்கு ஒப்பிட மற்றக் கால் இல்லையே?

நிறமாலை

அதே காலின் முந்தைய நாட்களோடு ஒப்பிடலாம் என்று சொல்வார்கள். ஆனால் இங்கே காலமைக்கும் மத்தியானத்துக்கும், மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் இரண்டு பாகை சாதாரணமாக மாறும். அதனால் பொய் எச்சரிக்கை மலியும். அதே காலின் ஆறு இடங்களுக்குள் ஒன்று மட்டும் திடீரென்று தனியே ஏறுகிறதா என்று பார்ப்பது கொஞ்சம் நம்பலாம், அதுவும் அரைகுறைதான்.

மருந்துகட்டு

அந்த இருவருக்கும் வெப்பநிலைப் பக்கத்தையே மறைத்துவிடுங்கள். மிஞ்சின கால் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, அவர்கள் தரம் 3. காலமையும் இரவும் வீட்டுக்காரர் கண்ணாலும் புறங்கையாலும் பார்க்கட்டும், கிளினிக் திகதி ஒன்றும் தவறக்கூடாது. செயற்கைக்கால் போட்டிருந்தால் ஆறு படத்தில் பாதி மிச்சம்தானே, அதில் தறித்த முனையை முன்னாலும் அடியிலும் இரண்டு படம் எடுக்கும்படி மாற்றுங்கள். செயற்கைக்காலின் கிண்ணம் உரசுகிற இடத்திலும் இதே புண்தான் வரும்.